கேட்டுக்குள்ள போன பெட்டிக்கு கரண்ட் குடுங்க: துறைமுக ரீஃபர் யார்டு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைமுக அதிகாரிகளுக்கும், கன்டெய்னர் டெர்மினல்ல ரீஃபர் யார்டு, அதாவது குளிர் கன்டெய்னர் நிறுத்தி வைக்கிற எடம், பாத்துக்கிற சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

ரம்ஜான் நோன்புக்கு முன்னாடி எங்க வாழக்கா ஏத்துன ரீஃபர் பெட்டி உங்க யார்டுல கரண்ட் இல்லாம கெடந்த கதை உங்களுக்கு நல்லாவே தெரியும். மூணு மெயில் போட்டாச்சு, ரெண்டு தடவ நேர்லயும் வந்தாச்சு, ஒரு நாள் முழுக்க உங்க ஆஃபீஸ் பெஞ்சுல உக்காந்தும் பாத்தாச்சு. அதனால எல்லாத்தையும் முதல்லேர்ந்து திரும்பச் சொல்லல. துறைமுகத்துப் பேரையும் இங்க எழுதல. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ரீஃபர் பெட்டி கேட்டுக்குள்ள வந்த நேரத்துலேர்ந்து கப்பல் ஏறுற வரைக்கும் கரண்ட் குடுங்க, அந்த நேரம் முழுக்க டெம்பரேச்சர் என்ன இருந்துச்சுன்னு சரக்குக்காரன் கையில பதிவு குடுங்க.

நாங்க கம்பம் பள்ளத்தாக்குக்காரங்க. ஜி-9 ரக வாழ போட்டு, தார் தள்ளுனதும் கவர் மாட்டி, பதினோரு மாசம் பிள்ள மாதிரி பாத்து, முக்கா முத்தல்லயே வெட்டுறோம். அன்னைக்கு வெட்டு விடியக்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சது. தார தரையில வைக்காம தோள்லயே சுமந்து ஷெட்டுக்கு கொண்டு வந்து, சீப்பு சீப்பா பிரிச்சு, பால் கறை போக படிகாரத் தண்ணியில கழுவி, ஒரு கீறல் இருந்தாலும் தள்ளி வச்சு, 13 கிலோ அட்டைப்பெட்டியா 1540 போட்டோம். கிட்டத்தட்ட 20 டன். பேக்கிங்ல இருந்த பொம்பளைங்க ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனாங்க. கோல்டு ரூம்ல வச்சு காயோட நடுச் சூடு 13.5 டிகிரிக்கு இறங்குன பிறகுதான் கன்டெய்னர்ல ஏத்துனோம், ஏன்னா ரீஃபர் பெட்டி சரக்க குளிர வைக்கிற மிஷின் இல்ல, குளிர்ந்த சரக்க அதே குளிர்ல காப்பாத்துற மிஷின்தான்னு எங்களுக்குத் தெரியும். மேல காத்து ஓட எடம் விடணும்னு கன்டெய்னருக்குள்ள போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு மேல ஒரு அட்டைப்பெட்டி கூட அடுக்கல. வழியெல்லாம் வண்டியில இருக்கிற ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) ஓடுச்சு. டிரைவர் தம்பி டீ குடிக்க நிறுத்துன இடத்துல கூட டிஸ்ப்ளேய போட்டோ எடுத்து அனுப்பிச்சாப்புல, 13.5, 13.6, 13.5னு.

கேட்டுக்குள்ள போனதும் பெட்டிய வண்டியிலேர்ந்து தூக்கிட்டீங்க. வண்டி போச்சு, வண்டியோட ஜென்செட்டும் போச்சு. அதுக்கு மேல பெட்டிக்கு உசுரு உங்க பிளக் பாயின்ட்தான். அந்த பிளக்க யாரும் சொருகல சார். 26 மணி நேரம்.

கப்பல் லேட்டு, யார்டு ஃபுல்லு, பிளக் பாயின்ட் காலி இல்லன்னு சொன்னீங்க. சரி, அதுவும் நடக்கும்னு வச்சுக்குவோம். ஒரு போன் அடிச்சிருந்தா அந்த ஜென்செட் வண்டியவே திருப்பிக் கூப்பிட்டு ராத்திரி முழுக்க டீசல் ஊத்தி ஓட்டியிருப்போம், பக்கத்துல இருக்கிற வேற கோல்டு ஸ்டோரேஜ்ல கெஞ்சியாவது எடம் வாங்கியிருப்போம். யாரும் அடிக்கல. அதை விட மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க யார்டு ரவுண்ட்ஸ் தாள கேட்டு வாங்குனோம்ல, அதுல அந்த 26 மணி நேரத்துக்கும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் 13.5, 13.5னு அழகா எழுதி கையெழுத்து போட்டிருக்கு. பெட்டியில டெம்பரேச்சர தானா பதியுற டேட்டா லாகர டவுன்லோடு பண்ணுனா அந்த நேரத்துல பவரே இல்ல, திரும்ப பவர் வந்தப்ப ரிட்டர்ன் ஏர் (சரக்க சுத்தி மிஷினுக்கு திரும்ப வர்ற காத்து) 18 டிகிரியத் தாண்டி நிக்குது. பெட்டிகிட்ட ஒரு ஆள் நடந்து போயிருந்தாக்கூட ஃபேன் சத்தம் இல்லாதது காதுலயே தெரிஞ்சிருக்கும். போகாமலே எழுதுன அந்த நம்பருக்கு முன்னாடி, விடிய விடிய வேலை பாத்த அத்தனை பேரோட உழைப்பும் ஒண்ணுமில்லாம போச்சு.

வாழக்கா வெட்டுன பிறகும் உயிரோடதான் இருக்கு, மூச்சு விடுது, தானே சூடு கெளப்புது. காத்து ஓடாத பெட்டிக்குள்ள அந்த சூடு போக வழியில்ல. ஒரு சீப்பு பழுக்க ஆரம்பிச்சா அதுலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு பக்கத்துல இருக்குறதையும் பழுக்க வச்சுரும். ஒரு தடவ தொடங்கிருச்சுன்னா அப்புறம் எவ்வளவு குளிர் வச்சாலும் நிக்காது. அவசரத்துல 13-க்கு கீழ இறக்குனாலோ தோலுக்கு அடியில பழுப்பு ஓடி, பழுத்தா சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும், எவனும் வாங்க மாட்டான். இந்த நூலளவு கோட்டு மேலதான் சார் எங்க பொழப்பு நடக்குது.

அங்க துபாய் ஜெபல் அலி துறைமுகத்துல கதவ தொறந்து வீடியோ கால் போட்டாரு வாங்குறவரு. பச்சையா இருக்க வேண்டிய காய் முக்கால்வாசி மஞ்ச. நோன்பு மார்க்கெட்டுக்குன்னு சொல்லி வச்ச சரக்கு. அவரு திட்டக்கூட இல்ல, "பாய், இத நான் என்ன பண்றது"ன்னு மட்டும் கேட்டாரு. அவருக்கும் பதில் சொல்ல முடியல, ஊர்ல தார் குடுத்த ஆளுங்களுக்கும் சொல்ல முடியல. ஷிப்பிங் லைன்ல கேட்டா எங்க மிஷின் நல்லா ஓடுது, யார்டுல கேளுங்கங்கிறாங்க. யார்டுல கேட்டா தாள்ல 13.5 இருக்கு பாருங்கங்கிறீங்க. இன்சூரன்ஸ்காரங்க யாரு தப்புன்னு மொதல்ல முடிவு பண்ணுங்கங்கிறாங்க. முடிவு பண்றதுக்கு வேண்டிய பதிவு உங்ககிட்டதான் இருக்கணும். அதத்தான் கேக்குறோம்.

இது வாழக்காரன் பிரச்சன மட்டும் இல்ல. எறால் அனுப்புற நண்பர் ஒருத்தருக்கும் இதே கதைதான். மைனஸ் 18-ல இருக்க வேண்டிய சரக்கு பாதி எளகி திரும்ப உறைஞ்சு, அட்டைப்பெட்டியோட அடியில ஐஸ் பாளமா ஒட்டிக்கிட்டுப் போய் எறங்கியிருக்கு. வெளிய பாத்தா கல்லு மாதிரிதான் இருக்கும், உருக்கிப் பாத்தாத்தான் கொழகொழன்னு தெரியும். அவரு சண்டைக்குப் போறதையே விட்டுட்டாரு. நான் விடல.

உலகத்துலயே வாழ அதிகமா விளையுறது இந்தியாவுல. ஏத்துமதியில மொதல் எடம் ஈக்வடாருக்கு. அங்கேர்ந்து வளைகுடாவுக்கு கப்பல்ல வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது, அப்பவும் காய் பச்சையா வந்து எறங்குது. நமக்கு அதுல பாதி நாள் கூட வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துலயும் மேடை போட்டு விவசாயிகளே ஏத்துமதித் தரத்துல விளைய வைங்கன்னு சொல்றாங்க, கோல்டு செயின் கோல்டு செயின்னு, தோட்டத்துலேர்ந்து வாங்குறவர் வரைக்கும் குளிர் அறாத சங்கிலின்னு படம் போட்டு காட்டுறாங்க. நாங்க விளைய வச்சுட்டோம் ஐயா. கவர் போட்டோம், சொட்டுநீர் போட்டோம், வட்டிக்கு வாங்கி ஷெட் போட்டோம். சங்கிலியில எங்க கண்ணி அறுகல. அதுவும் போதாதுன்னு சில சமயம் முந்தின டிரிப்புல மீன் ஏத்துன பெட்டிய நாத்தம் போகக் கழுவாமலே தர்றாங்க, கேட்டா இது இருந்தா எடுத்துக்கோங்க இல்லன்னா அடுத்த வாரம் பாருங்கங்கிறாங்க. வெட்டுன காய் அடுத்த வாரம் வரைக்கும் எப்படிங்க காத்திருக்கும்?

1882-ல நியூசிலாந்துலேர்ந்து டுனெடின்னு ஒரு பாய்மரக் கப்பல் உறைய வச்ச ஆட்டுக்கறிய ஏத்திக்கிட்டு 98 நாள்ல லண்டன் போய்ச் சேந்துச்சு. நடுக்கடல்ல வெக்கை கூடுன எடத்துல குளிர்காத்து சரியா சுத்தலன்னு கேப்டனே காத்துக் குழாய்க்குள்ள ஊர்ந்து போய் ஓட்டை போட்டாரு, உள்ள குளிர்ல விறைச்சுப் போனவர கால்ல கயிறு கட்டி வெளிய இழுத்தாங்க. அடுத்தவன் சரக்கு கெட்டுரக் கூடாதுன்னு அந்த மனுசன் உசுர குடுக்கப் போனாரு. உங்ககிட்ட உசுர கேக்கல. ஒரு ஆள் நடந்து போய் பாக்கணும், பிளக்க சொருகணும், உண்மைய எழுதணும்.

கோவத்துல வார்த்த கூடியிருந்தா மன்னிச்சுக்கங்க. உங்க யார்டுலயும் ராத்திரி பகலா வெயில்ல மழையில உழைக்கிறவங்க இருக்காங்க, அவங்கள நான் குத்தம் சொல்லல. இத்தன பிளக்குக்கு இத்தன பெட்டிதான்னு கணக்கு பாக்காம பெட்டிய உள்ள எடுக்குறது யாரு முடிவோ அவங்ககிட்டதான் பேசுறேன். பிளக் காலி இல்லன்னா கேட்டுலயே சொல்லிருங்க, வண்டியோட நிறுத்தி வச்சுக்கிறோம். உள்ள எடுத்துட்டீங்கன்னா கரண்ட் குடுங்க. கரண்ட் போச்சுன்னா எத்தன மணிக்குப் போச்சு, எத்தன மணிக்கு வந்துச்சுன்னு அப்பவே ஒரு மெசேஜ் போடுங்க. தாள்ல எழுதுற நம்பர் வேண்டாம், மிஷினோட லாகர் பதிவு அப்படியே வேணும்.

அடுத்த வெட்டு இன்னும் ஆறு வாரத்துல வருது. ரெண்டு கன்டெய்னர், அதே வழியிலதான் அனுப்பணும், எங்களுக்கு வேற வழி இல்ல. அதுக்கு முன்னாடி எழுத்துல ஒரு பதில் தயவு பண்ணி குடுங்க. நேர்ல கூப்பிட்டாலும் வர்றேன், லாகர் பதிவும் உங்க ரவுண்ட்ஸ் தாளும் ரெண்டையும் கையில எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்குலேர்ந்து வாழக்கா அனுப்புற ஒருத்தன்