தீர்ப்பு இல்லாத பிரதி

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி பிறந்த செய்தி வந்ததும் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னதோடு சரி. கடிதம் எழுதி வெகு காலமாகிவிட்டது. உன் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக நீ சொல்வதை நான் ஒருபோதும் நம்பியதில்லை, அதை அண்ணியிடமே கேட்டுக்கொள்கிறேன். இங்கு எல்லோரும் நலம். மாடி அறையில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, புத்தகங்களுக்குச் சேதமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 'தி பர்னிங் கோர்ட்' கிடைத்துவிட்டது. உன்னிடம் இருக்கும் அட்டை கழன்ற பேப்பர்பேக் அல்ல. ஜான் டிக்சன் கார் எழுதி, 1937இல் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியிட்ட பதிப்பு. மேலுறை கிடையாது. முதுகு வெளுத்திருக்கிறது. முன்னட்டையின் உட்புறத்தில் ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் சீட்டைப் பிய்த்த தழும்பு இருக்கிறது. ஆனாலும் தாள் உறுதியாக இருக்கிறது, அச்சு தெளிவாக இருக்கிறது. கல்லூரி விடுதியில் ஒரே பிரதியை இரண்டு பேரும் முறைவைத்துப் படித்த நாவல் என்பதால், பார்சலைப் பிரித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடனே உட்கார்ந்து படித்தேன். முடிவை நெருங்கியபோதுதான் தெரிந்தது, கடைசித் தாள்கள் இல்லை. அவை உதிர்ந்து போகவில்லை. தைப்பை ஒட்டி நேர்க்கோட்டில் யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். விற்றவரின் விவரக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதிக் கேட்டேன், புத்தகத்தைத் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தந்துவிடுவதாக மரியாதையாகப் பதில் வந்தது. நான் அனுப்பவில்லை, அனுப்பவும் போவதில்லை. ஏனென்றால் அறுக்கப்பட்டிருப்பது எந்தப் பக்கங்கள் என்று பார்த்த பிறகு அது வெறும் குறைப்பிரதியாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாவலின் பகுதிகளுக்குக் குற்றச்சாட்டு, சாட்சியம் என்று ஒரு வழக்கின் படிகளைப் போலத் தலைப்பிட்டிருப்பது உனக்கு நினைவிருக்கும். கடைசிப் பகுதி 'தீர்ப்பு'; அது சில பக்கங்களே வரும். இந்தப் பிரதியில் காணாமல் போயிருப்பது அந்தத் தீர்ப்பு மட்டும்தான். அதற்கு முந்தைய வரி வரை ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை.

இந்தக் கடிதத்தை உன் மருமகளும் படிப்பாள் என்பதாலும், அவள் இன்னும் அந்த நாவலைத் தொடவில்லை என்று நீ சொன்னதாலும் குற்றவாளியின் பெயரை எழுதப் போவதில்லை. தொடக்கத்தைச் சொல்வதில் பிழையில்லை. 1929ஆம் ஆண்டு, பிலடெல்பியாவிலிருந்து புறப்படும் ஒரு மாலை ரயிலில், பதிப்பகத்தில் வேலை செய்யும் ஸ்டீவன்ஸ் என்பவன் புகழ்பெற்ற கொலை வழக்குகளைப் பற்றிய ஒரு கையெழுத்துப் பிரதியைத் திறக்கிறான். அதில் ஒரு பெண்ணின் புகைப்படம். 1861இல் கொலைக் குற்றத்துக்காகக் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டவள் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. முகம் அவனுடைய மனைவியின் முகம். பெயரும் அவளுடைய பெயரே. இதே வேளையில் பக்கத்து வீட்டுக் கிழவர் ஆர்சனிக்கால் இறந்திருக்கிறார். அவருடைய அறையில் பழங்கால உடையணிந்த ஒரு பெண் நின்றதையும், வெகு காலத்துக்கு முன்பே செங்கல் வைத்து அடைத்துவிட்ட ஒரு கதவின் வழியே அவள் வெளியேறியதையும் பார்த்ததாக வேலைக்காரி சொல்கிறாள். தலையணைக்கு அடியில் ஒன்பது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு கிடைக்கிறது. கல்லறையைத் திறந்தால் சவப்பெட்டியில் பிணம் இல்லை. இவற்றுக்கெல்லாம் பின்னணியாக, 1676இல் பாரிஸில் தலை வெட்டி எரிக்கப்பட்ட, நஞ்சு வைத்துக் கொன்ற உண்மையான ஒரு பிரபுக்குலப் பெண்ணின் வரலாறு நாவல் முழுவதும் நிழலாடுகிறது.

பிறகு ஒருவர் வந்து அத்தனைக்கும் காரணம் சொல்கிறார். அடைத்த கதவுக்கு ஒரு விடை, காலிச் சவப்பெட்டிக்கு ஒரு விடை. எல்லாம் கைகளாலும் கண்ணாடியாலும் நேரக் கணக்காலும் ஆனவை. என்னுடைய பிரதி அங்கேயே முடிந்துவிடுகிறது. சுந்தரம், அங்கேயே முடிந்தாலும் அது முழுமையான துப்பறியும் நாவல்தான் என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. அறுத்த இடம் கண்ணில் படாத ஒருவர் புத்தகத்தை மூடிவைத்து நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். தீர்ப்பு என்ற அந்தச் சில பக்கங்கள் பகுத்தறிவு தந்த விளக்கத்தைப் பொய்யென்று சொல்வதில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொரு விளக்கத்தை வைத்துவிட்டு, இரண்டில் எது என்று படிப்பவரையே கேட்கின்றன. பிளேடு எடுத்த வாசகர், அவர் யாராக இருந்தாலும், அந்தக் கேள்வியைப் பொறுக்க முடியாதவர்.

நம் வக்கீலுக்கு இதைக் காட்டினேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீ இந்நேரம் ஊகித்திருப்பாய். "இதுதானய்யா சரியான பிரதி! கெடுத்துவைத்திருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் சீராக்கியிருக்கிறார்" என்றார். அத்தோடு நிற்காமல், நான் கொடுத்த விலைக்கு மேலே போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். பேய் நுழைந்துவிட்டால் அது துப்பறியும் கதையே அல்ல என்ற அவருடைய கட்சி நாற்பது வருடமாக மாறவில்லை. சாட்சியாக, துப்பறியும் கதைக்கென்று ரொனால்டு நாக்ஸ் 1929இல் எழுதிய பத்துக் கட்டளைகளை அழைத்தார். இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகள் அறவே விலக்கப்பட வேண்டும் என்பது அவற்றில் இரண்டாவது. அப்படிப் புதிரை விடுவிப்பது, படகுப் போட்டியில் மோட்டாரை ஒளித்துவைத்து ஜெயிப்பதற்குச் சமம் என்று நாக்ஸ் அதற்குக் காரணமும் சொன்னார்.

அவருக்குச் சொன்ன பதிலை உனக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது தெளிவாயிற்று. அந்தக் கட்டளையை எழுதிய நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1930இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்புக்கு முதல் தலைவராக இருந்த செஸ்டர்டனும் ஆழ்ந்த மத நம்பிக்கை கொண்டவர்; அவருடைய பாதிரியார் துப்பறிவாளரோ, ஆவி என்றும் சாபம் என்றும் ஊரார் பயந்ததையெல்லாம் மனிதன் செய்த சூழ்ச்சி என்று காட்டிக்கொண்டே போவார். ஆர்தர் கானன் டாயில் இறந்தவர்களோடு பேச முடியும் என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1924இல், ரத்தக்காட்டேரி வழக்கு ஒன்று ஹோம்ஸிடம் வருகிறது. பேய்களுக்கு இங்கே வேலையில்லை என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். மறுவுலகை உறுதியாக நம்பியவர்களே அதைத் துப்பறியும் கதையின் வாசலில் நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கு அது கதையில் புகுத்திவிடும் உத்தி அல்ல, உண்மை. ஆகவேதான் அதில் அவர்களுக்கு அத்தனை கண்டிப்பு இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கிளப்பில் சேருகிறவர்கள் எடுக்க வேண்டிய உறுதிமொழியை வக்கீல் முழுதாகப் படித்ததில்லை. தெய்வீக வெளிப்பாட்டையும் மந்திர மாயத்தையும் வைத்து வழக்கை முடிக்க மாட்டேன் என்று அதில் வருவது உண்மை. ஆனால் பேய்களைப் பற்றிய வரி வேறு: கொள்ளைக் கூட்டம், மரணக் கதிர், ரகசியக் கதவு போன்றவற்றோடு சேர்த்து, பேய்களையும் அளவோடு பயன்படுத்துவேன் என்றுதான் சத்தியம். பேய்க்கு அங்கே தடை இல்லை, அளவுதான் இருக்கிறது. கார் 1936இல் அந்தக் கிளப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்ட அமெரிக்கர். அடுத்த வருடமே இந்த நாவலை வெளியிட்டார். சத்தியத்தின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், அதன் மேலேயே நின்றிருக்கிறார்.

யாரும் நுழையவோ வெளியேறவோ முடியாத இடத்தில் நடக்கும் பூட்டிய அறைக் கொலையைப் பேயே இல்லாமல் எழுதலாம், பலர் எழுதினார்கள். பெரும்பாலானவை கணக்கைப் போட்டு விடையைப் பார்ப்பதோடு முடிந்துவிடுகின்றன. காரின் 'தி பிளேக் கோர்ட் மர்டர்ஸ்' நாவலில் சேற்றுக்கு நடுவே நிற்கும் அந்தக் கல்வீட்டை நினைத்துப்பார். சுற்றிலும் ஒரு காலடிகூட இல்லை, உள்ளே ஆவியோடு பேசுகிறவன் குத்துப்பட்டுக் கிடக்கிறான். பல நூறு வருடத்துக்கு முன் செத்த தூக்குப்போடுபவனின் உதவியாளன் திரும்பி வந்திருக்கிறான் என்று நாம் ஒரு கணமாவது நம்பியிருந்தால்தான், துப்பறிவாளர் ஹென்றி மெரிவேல் வாயைத் திறக்கும்போது நமக்கு மூச்சு வருகிறது. அறிவு வெல்வது பெரிதாகத் தெரிய வேண்டுமானால், தோற்றுவிடுமோ என்ற பயமும் உண்மையாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலத்து நல்ல எழுத்தாளர்கள் பேயை அழைத்தார்கள்.

அகதா கிறிஸ்டியின் 'தி பேல் ஹார்ஸ்' இதற்கு இன்னொரு சான்று. மூன்று பெண்கள் சூனியம் வைத்துத் தொலைவிலிருந்தே ஆட்களைக் கொல்கிறார்கள் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் கொல்வது, முடியை உதிரவைக்கும் தாலியம் என்னும் நஞ்சு. 1961இல் வந்த நாவல். 1977இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், கத்தாரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு குழந்தையின் நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் பிடிபடாதபோது, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு செவிலியர் அறிகுறிகளை அடையாளம் கண்டு தாலியமாக இருக்கலாம் என்று சொன்னார், குழந்தை பிழைத்தது. சூனியத்தின் அச்சம் அவ்வளவு அழுத்தமாக எழுதப்படாவிட்டால் அதற்குப் பின்னால் இருந்த முடி உதிர்தல் அந்தப் பெண்ணின் மனத்தில் தங்கியிருக்குமா?

இவ்வளவும் கேட்டுவிட்டு வக்கீல் ஒரு காபி குடித்தார். மறுபடியும் விலையைக் கூட்டினார்.

உன்னிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். ஹேக் டால்பட்டின் 'ரிம் ஆஃப் தி பிட்' எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவை. 1944இல் சைமன் அண்டு ஷுஸ்டர் போட்ட பதிப்பு நமக்கு எட்டாது. பின்னட்டையில் கதை நடக்கும் இடத்தின் வரைபடம் போட்ட டெல் பேப்பர்பேக் போதும். டால்பட் என்பது புனைபெயர். ஹென்னிங் நெல்ம்ஸ் என்ற அவர் மேடை வித்தைகளைப் பற்றியே புத்தகம் எழுதியவர், இந்தப் பெயரில் அச்சேறியவை இரண்டே நாவல்கள். செத்துப்போன ஒருவனின் மனத்தை மாற்றுவதற்காகவே இங்கு வந்தேன் என்று முதல் வரியிலேயே ஒருவன் சொல்கிறான். அதற்குப் பிறகு பனியில் எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ நின்றுவிடும் காலடிகள். 1981இல் எட்வர்டு ஹோக் எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் கேட்டுத் தொகுத்த பட்டியலில், மிகச் சிறந்த பூட்டிய அறை நாவலாகக் காரின் 'தி ஹாலோ மேன்' முதலிடம் பெற்றது, இரண்டாமிடம் இதற்கு. அப்படியும் பல வருடம் அச்சில் இல்லாமல் கிடந்தது.

இவை ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன என்று நீ ஒருமுறை கேட்டாய். 1930களில் இங்கிலாந்தில் ஒரு துப்பறியும் நாவலின் விலை ஏழரை ஷில்லிங். சாதாரண மனிதர்கள் அதை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். மருந்துக்கடை நிறுவனமான பூட்ஸ்கூட 1966 வரை தன் கிளைகளில் நூலகம் நடத்தியது. அச்சான பிரதிகளில் பெரும்பங்கு இப்படி நூலகங்களுக்குப் போய், கைமாறிக் கைமாறிப் பிய்ந்து, கழிவாகிவிட்டது. மேலுறையைப் பலரும் முதல் நாளே எறிந்துவிட்டார்கள். பிறகு போர் வந்தது. பழைய காகிதத்தைத் திரட்டிக் கூழாக்கினார்கள். 1940 டிசம்பர் 29 இரவு செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே பதிப்பகங்கள் நிறைந்த பேட்டர்னாஸ்டர் ரோ எரிந்தபோது ஏறத்தாழ 50 லட்சம் புத்தகங்கள் போயின. இவ்வளவையும் தாண்டிக் கப்பலேறி வந்த பிரதிகளில் சில, நாம் மாணவர்களாக இருந்தபோது சென்னை மூர் மார்க்கெட்டில் தரையில் விரித்துக் கிடந்தன. 1985இல் அதுவும் எரிந்தது. அங்கே நீ எனக்கு வாங்கித் தராமல் விட்ட அந்தப் பச்சை அட்டைப் பெங்குவின் துப்பறியும் நாவலைப் பற்றி நான் இனி பேசப் போவதில்லை.

எனக்குள்ள கவலை வேறு. இந்தப் பிரதிக்குப் பிறகு வருபவர் என்ன படிப்பார்? நீயோ நானோ இல்லாத காலத்தில் இதை எடுக்கும் ஒரு பெண், முடிவு இருந்ததே தெரியாமல் வைத்துவிடுவாள். விட்டுப்போன பக்கங்களை நகலெடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் அந்த அறுவையும் இந்தப் பிரதியின் வரலாறு. அதை மூடி மறைத்தால், என்றோ ஒருநாள் ஒரு வாசகர் இந்த நாவலை நடுக்கத்தோடு எதிர்கொண்டார் என்பதற்கான ஒரே சாட்சியை நானே அழித்தவன் ஆவேன். ஆகவே ஒட்டப் போவதில்லை. கடைசிப் பக்கங்களைத் தனித்தாளில் கையால் எழுதி, இவை எப்படி இங்கே வந்தன என்று ஒரு குறிப்பும் சேர்த்து, ஓர் உறையில் பின்னட்டைக்குள் வைக்கலாம் என்றிருக்கிறேன். இது உனக்குச் சரியாகப் படுகிறதா என்று எழுது.

சரியென்றால் உன் பேப்பர்பேக்கிலிருந்து 'தீர்ப்பு' தொடங்கும் பக்கம் முதல் கடைசி வரை படம் எடுத்து அனுப்பு. உன் மகனை எடுக்கச் சொல். நீ எடுத்தால் எழுத்து எதுவும் தெரியாது. மருமகளிடம் அந்தப் பக்கங்களைக் காட்டாதே. முதலில் முழு நாவலையும் வரிசையாகப் படிக்கட்டும், படித்து முடித்தபின் அவள் எந்த விளக்கத்தை ஏற்றாள் என்பதை மட்டும் எனக்குத் தெரிவி. வக்கீல் இந்த வாரம் உனக்குத் தொலைபேசியில் பேசுவார். புத்தகத்தை விற்கும்படி என்னிடம் சொல்லச் சொல்வார். சொல்லாதே.

அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராகவன்