தானியச் சேமிப்புப் பயிற்சி: களத்துக்குப் போகும் தன்னார்வலர்கள் கவனத்துக்கு

வணக்கம். சிறு விவசாயிகளுக்கு தானியத்தைக் காற்றுப் புகாமல் சேமிக்கும் மூன்றடுக்குப் பையைப் பற்றிச் சொல்லித்தரும்போது, பை கட்டுவதைவிட ஈரம் பார்ப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். காயாத தானியத்தைக் காற்றுப் புகாமல் கட்டினால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

ஈரமானி இல்லையென்றால் உப்பு போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம், அதோடு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தூள் உப்பு. மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி காயவைக்க வேண்டும். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டுவது நல்லது. உப்பே நமுத்திருந்தால் சோதனை பொய் சொல்லும்.

இனி பை கட்டுவது. மூன்றடுக்கு என்றால் உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வொன்றிலும் காற்றை அழுத்தி வெளியேற்றி, கழுத்தை முறுக்கி, மடக்கி, தனித்தனியாகக் கட்டணும். ஆக்சிஜன் குறைந்தால்தான் வண்டு சாகும். ஆசைக்குத் திறந்து பார்த்தால் காற்று திரும்பப் புகுந்துவிடும். பையைச் சுவரில் ஒட்டாமல் பலகைமேல் வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கட்டிக் காட்டுவது ஒருமுறை போதும். வீட்டில் தானியத்தை எடுத்துப் புழங்குகிறவர் யாரோ, அவர் கையாலேயே கட்ட விடுங்கள்.