ஆகஸ்டு 10க்குள் இன்னும் 4,650 டாலர்: மோரிஸ் பிரவுன் கல்லூரி மாணவர்களுக்கான பாடநூல் நிதி

அன்பான சபையாருக்குக் கர்த்தரின் நாமத்தில் வாழ்த்துகள்.

நம் அட்லாண்டா நகரின் மோரிஸ் பிரவுன் கல்லூரியில் படிக்கும் 20 மாணவர்களுக்கு, வரும் பருவத்துக்கான பாடநூல் செலவாக ஆளுக்கு 600 டாலர் கொடுப்பதென்று ஈஸ்டருக்குப் பின் கூடிய சபைக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். தேவை 12,000 டாலர். வந்தது 7,350 டாலர். குறைவது 4,650 டாலர். ஆகஸ்டு 10ஆம் தேதிக்குள் இந்தத் தொகை சேராவிட்டால் எட்டு மாணவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவரும். அந்த எட்டுப் பெயர்களை அடிக்க இக்குழுவில் எவருக்கும் கை வராது.

"நம் பிள்ளைகள் ஒருவர்கூடப் படிக்காத கல்லூரிக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல 1881ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி, இந்நகரின் பிக் பெத்தேல் ஆலயத்தில், கறுப்பின மக்களின் சபையான ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையார் கூடியிருந்தார்கள். கறுப்பின மாணவர்களுக்காக இதே நகரில் இருந்த கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள், தங்கள் கட்டடத்தில் ஓர் அறைக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை வாங்க அவர்களிடம் உதவி கேட்டார்கள். அப்போது ஸ்டூவர்ட் வைலி என்ற சபையார் ஒருவர் எழுந்து, கிளார்க்குக்கு ஓர் அறையை நிரப்பிக் கொடுக்க நம்மால் முடியுமானால், நமக்கென்று ஒரு பள்ளியையே கட்ட ஏன் முடியாது என்று கேட்டார். அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைக் குற்றமாக்கி 1829இல் சட்டம் இயற்றிய ஜார்ஜியாவில், விடுதலை கிடைத்துப் பதினாறு ஆண்டுகள்கூட நிறையாத மக்கள் கேட்ட கேள்வி இது. அதைத் தீர்மானமாக்கி முன்னின்று நடத்திய வெஸ்லி ஜான் கெயின்ஸ் போதகரும் அடிமையாகப் பிறந்தவரே. 1885 அக்டோபர் 15 அன்று 107 மாணவர்களுடனும் 9 ஆசிரியர்களுடனும் கல்லூரி திறந்தது. வெள்ளையர் சபைகளின் தயவில் எழுந்த கல்லூரிகள் இம்மாநிலத்தில் பல உண்டு; கறுப்பின மக்கள் தங்கள் காணிக்கையைக் கொண்டே தொடங்கியது இதுதான்.

கல்லூரிக்கு வைத்த பெயரும் சாதாரணமானதன்று. மோரிஸ் பிரவுன், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பெரியதொரு கறுப்பினச் சபையை நடத்திய போதகர். 1822இல் அடிமைகளின் கிளர்ச்சித் திட்டம் ஒன்று வெளிப்பட்டபோது ஆலயம் இடிக்கப்பட்டு, அவர் பிலடெல்பியாவுக்குப் போக நேர்ந்தது. 1828இல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் இரண்டாவது பேராயரானார். இன்று கல்லூரி வளாகத்தில் கடிகாரக் கோபுரத்துடன் நிற்கும் செங்கல் கட்டடமான ஃபவுண்டன் ஹால், அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்காக 1882இல் கட்டப்பட்டது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது அவருடைய அலுவலகம் அதில்தான் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் தாயார் ஆல்பர்ட்டா கிங் 1938இல் பட்டம் பெற்றதும் மோரிஸ் பிரவுனில்தான்.

பிறகு கெட்ட காலம் வந்தது. கடனும் நிர்வாகக் குளறுபடியும் சேர்ந்து 2002இல் தர அங்கீகாரம் பறிபோயிற்று. அத்துடன் மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவியும் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்த இடத்தில் சில பத்துப் பேரே மிஞ்சினார்கள். 2012இல் திவால் மனு. ஆனாலும் கதவை மூடவில்லை. இருபது ஆண்டுகள் காத்திருந்து, 2022 ஏப்ரலில் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இனி நம் கதை. நம் சபையில் பலர் மதுரை அமெரிக்கன் கல்லூரியின் பிள்ளைகள். சிலருக்குத் தகப்பனும் பாட்டனும் படித்த இடம் அது. அந்தக் கல்லூரி பசுமலையில் தொடங்கியதும் இதே 1881இல்தான். அமெரிக்கச் சபையார் நம் முகம்கூடப் பாராமல் அனுப்பிய காணிக்கையில் நம் முன்னோர் படித்தார்கள். அதே ஆண்டில் அதே நாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தங்கள் சட்டைப் பையையே துழாவ வேண்டியிருந்தது. இதைப் படித்த பிறகும் "நமக்கென்ன" என்று இருந்துவிட முடியுமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விடுகிறோம்.

இதுவரை கொடுத்த 31 குடும்பங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அவர்கள் தந்தது 5,510 டாலர். ஜூன் மாத உணவு விற்பனையில் 1,840 டாலர் கிடைத்தது. அதற்காக முந்தின இரவு பதினோரு மணிவரை மாவு அரைத்த சகோதரிகளுக்கும், விடியுமுன் வந்து அடுப்பு மூட்டிய வாலிபர்களுக்கும், மிஞ்சிய சாம்பாரையும் ஏலம் போட்டு 42 டாலர் சேர்த்த மூப்பருக்கும் தனியே நன்றி சொல்லியாக வேண்டும். ஊரில் தம் தாயார் உலையில் இடுமுன் ஆலயத்துக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைத்ததைப் போல, நம் சபையின் முதிய தாய் ஒருவர் வாரந்தோறும் ஐந்து டாலரைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்து, 85 டாலரைப் பாட்டிலோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தீர்மானம் நிறைவேறிய நாளில் கொடுப்பதாகக் கைதூக்கியவர்களில் 9 குடும்பத்தார் இன்னும் கொடுக்கவில்லை. பெயர்களை வாசிக்கும் எண்ணம் எங்களுக்கில்லை. ஆனால் ஆலயத்துக்குள் சொன்ன வார்த்தை ஆலயத்துக்குள் சொன்னதுதான்.

ஆராதனைக்குப் பின் பொருளாளரிடம் பணமாகவோ காசோலையாகவோ கொடுக்கலாம்; உறையின்மேல் "பாடநூல் நிதி" என்று எழுதவும். 600 டாலர் கொடுப்பவர் ஒரு மாணவருக்கு முழுவதுமாக உதவுகிறார். 50 டாலரானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

கிறிஸ்துவின் பணியில்,
பாடநூல் நிதிக் குழுவினர்