வெங்காயம் கிண்ட வந்தவரின் கிளினிக் கொப்பி

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வன்னியிலிருந்து வந்த அம்மா ஒருவர், பிரஷர் குளிசை முடிந்து நான்கு நாளாகியும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மருந்து விபரம் எழுதிய கிளினிக் கொப்பி ஊரில் இருக்கிறது. போனால் அரைநாள் கூலியும் போய்விடும். வைத்தியம் இலவசம்தான், சரி, அந்தக் கூலியை யார் கொடுப்பது?

2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனபோது, வயலில் இறங்குபவர்களுக்கு அது வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை, 200 மில்லிகிராம், சேற்றில் நிற்கும் காலம் முழுக்க. அடுத்த வாரம் வேறு ஊரில் நிற்பவரைத் தேடிப்போவது யார்?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பின்னேரம் வேலை முடிந்ததும் கூலியாட்கள் தங்கும் கொட்டில் பக்கம் வரவேண்டும். ஆள் இறங்கிய அன்றே அவர்களுக்குச் சொல்ல வேண்டியது தோட்டக்காரராகிய நாங்கள். நானும் இதுவரை சொன்னதில்லை.

தோட்டக்காரர் ஒருவர்,
சுன்னாகம்.