எந்தப் பிரதி? பழைய படங்கள், சித்திரக்கதைத் தொகுப்புகள் விமர்சனச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் செயற்குழு அதிகம் பேசியது ஒரே கேள்வியைத்தான்: விமர்சனம் எழுதுபவர் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதுகிறார்? பெயர்பெற்ற பழைய படத்தின் கதை, நடிப்பு, இயக்கம் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. கையிலிருக்கும் வட்டு அந்தப் படத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. சித்திரக்கதைத் தொகுப்புக்கும் இதே நிலைதான். வாங்கலாமா என்று தயங்கி நிற்கும் வாசகருக்கு வேண்டியது இந்தத் தகவல். விமர்சனப் படிவத்தை முழுதாக மாற்றியமைத்தது இதற்காகத்தான். மாற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

படிவத்தின் முதல் வரி

படத்தின் பெயருக்கு அடுத்தபடி இனி வெளியீட்டு ஆண்டு, வட்டின் வகை, எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் மண்டலக் குறி, வட்டு எண் ஆகியவை கட்டாயம். வட்டின் பளபளப்பான பக்கத்தில், நடுத்துளையை ஒட்டிய வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையே வட்டு எண் என்கிறோம். தவறான பிரதியை வெளியிட்ட நிறுவனம் பிறகு திருத்திய வட்டை அதே அட்டையில் போட்டு விற்பது உண்டு. அட்டையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். அது இல்லாத விமர்சனம் எந்த வட்டைப் பற்றியது என்று ஒரு வருடம் கழித்து எழுதியவருக்கே தெரியாது.

டிவிடிக்கு 1 முதல் 6 வரை மண்டல எண்கள், ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என மூன்று எழுத்துகள். 4கே ப்ளூ-ரே வட்டுக்கு மண்டலத் தடை கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேக்குத் தடை இருக்கலாம். இதைத் தனியாகக் குறிப்பிடவும்.

ஓடும் நேரம்

விமர்சனங்களில் அதிகம் தவறு நேரும் இடம் இது. பேசும் படம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுவது. ஐரோப்பிய ஒளிபரப்பு முறையில் தயாரான டிவிடி நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். படத்தைச் சற்று வேகமாக ஓட்டியே அதில் ஏற்றுகிறார்கள். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. வட்டின் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள். மூல நேரம் வந்தால் வெட்டு இல்லை, வேகம்தான். கணக்கு இடித்தால் மட்டும் வெட்டைத் தேடுங்கள். வேகம் கூடும்போது சுருதியும் ஏறும். ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பாடல்களைக் காதால் அறிந்தவருக்கு அது உடனே உறுத்தும். சில வெளியீடுகளில் சுருதியை மட்டும் கீழே இறக்கிச் சரிசெய்திருப்பார்கள். அதையும் கவனித்து எழுத வேண்டும்.

அமெரிக்க, ஜப்பானிய முறை டிவிடியில் சிக்கல் வேறு. அங்கே நான்கு ஃப்ரேம் படத்தை ஐந்து ஃப்ரேம் வீடியோவாக விரிக்கிறார்கள். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் மூன்று தெளிவாகவும் இரண்டு சீப்புப் பல் போலக் கோடு விழுந்தும் தெரிந்தால் அது அந்த முறையின் இயல்பு. நல்ல பிளேயர் அதைப் பிரித்துச் சரிசெய்துவிடும். ஒரு ஃப்ரேமில் இரண்டு உருவம் ஆவி போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் நிலைமை வேறு. ஒரு முறையில் தயாரான வீடியோவை இன்னொரு முறைக்கு அப்படியே மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதை எந்தப் பிளேயராலும் சரிசெய்ய முடியாது. கண்டிப்பாகக் குறையாக எழுதவும்.

வெட்டைத் தேடும்போது ரீல் முடிவுகளில் தேடுங்கள். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் சுமார் 22 நிமிடம். படச்சுருளில் அதிகம் அடிபடுவது ரீலின் தலையும் வாலும்தான். திரையின் வலது மேல்மூலையில் ஒரு வட்டப் புள்ளி மின்னி மறைந்தால், ரீல் மாற்ற ஆபரேட்டருக்குக் காட்டிய குறி அது. அந்தக் குறி தெரிந்தால் வட்டு பெரும்பாலும் திரையரங்குப் பிரதியிலிருந்து எடுத்தது, நெகட்டிவிலிருந்து அல்ல. அதன்பின் வரும் பத்து விநாடியில் வசனம் பாதியில் அறுபடுகிறதா என்று பாருங்கள்.

மௌனப் படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவை ஒரே வேகத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. 16 ஃப்ரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் நடிகர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். அது அந்தக் காலத்து நடிப்பின் குறை என்று நினைத்தவர்கள் ஏராளம். நிறச்சாயமும் அப்படியே. 1922இன் 'நாஸ்ஃபெராட்டு' படத்தில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிரதியில் நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத கறுப்புவெள்ளை வட்டில் வெயிலுக்கு அஞ்ச வேண்டிய ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் உலாவுவதாகத் தெரியும். கதையே குலைந்துவிடும்!

திரை விகிதம்

பழைய பேசும் படங்களின் விகிதம் (அகலத்துக்கு உயரம்) 1.37:1. அகலத்திரை 1953இல் சினிமாஸ்கோப்போடு பரவியது. இன்றைய தொலைக்காட்சித் திரை 1.78:1. பழைய படத்தைத் திரை நிறையக் காட்ட வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டினால் படத்தின் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும். தலை அறுந்த முகங்கள், காணாமல்போன பாதங்கள், நடன அசைவு புரியாத பாடல் காட்சி எல்லாம் இதனால்தான். 2.35:1 படத்தைப் பழைய சதுரத் தொலைக்காட்சிக்காகப் பக்கவாட்டில் வெட்டிய வட்டில் 43 சதவீதம் இல்லை. இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதைக் குறையாக எழுதும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அந்தப் பட்டைதான் படம் முழுதாக இருப்பதற்கான சான்று.

வெட்டாமல் இழுத்து விரித்திருக்கிறார்களா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டிச் சக்கரமோ முழுநிலவோ நேராகத் தெரியும் காட்சியில் நிறுத்தி, திரையில் அடிக்கோலை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் விரித்திருக்கிறார்கள். விளிம்பில் எவ்வளவு போயிற்று என்று அறிய, எழுத்துப் போடும் பகுதியைப் பாருங்கள். ஓரத்துப் பெயர்கள் அறுந்திருந்தால் விடை கிடைத்துவிடும். அதற்கு முன் உங்கள் தொலைக்காட்சியே ஓரத்தை விழுங்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிரெயினும் நிறமும்

சோதனைக்கு முன் தொலைக்காட்சியை சினிமா அமைப்பில் வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஷார்ப்னெஸை ஏற்றிக்கொண்டே போனால் வசன எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். அது மறையும் வரை இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் எழுதினால், வட்டைப் பற்றி எழுதுவதாக நினைத்துத் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிவிடுவோம்.

பிலிமில் படம் பதிவதே நுண்துகள்களால்தான். அந்தக் கிரெயின் அழுக்கல்ல. அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாற வேண்டும். ஆட்கள் அசையும்போது பின்சுவரில் கிரெயின் உறைந்து நின்றால் கணினியில் தேய்த்திருக்கிறார்கள், அல்லது வட்டில் இடம் போதவில்லை. முகங்கள் மெழுகுப் பொம்மை போல, முடி இழை இழையாக இல்லாமல் கற்றையாக ஒட்டியிருந்தால் தேய்த்தது உறுதி. தேய்த்தபின் கூர்மையாகக் காட்ட விளிம்புக்கு வெள்ளை ஒளிவட்டம் இடுவது அடுத்த தவறு. இருண்ட கதவை ஒட்டி நிற்கும் உருவத்தில் அது பளிச்சென்று தெரியும்.

இடப் பற்றாக்குறையைக் கணக்குப் போட்டே சொல்லலாம். 3 மணி நேரப் படத்தை 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு டிவிடியில் அடைத்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சராசரி 3.5 மெகாபிட் தேறாது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் 6க்குச் சற்று மேல் கிடைக்கும். டிவிடி வீடியோவின் உச்சவரம்பு 9.8. புகை, மழை, நீர்ப்பரப்பு வரும் காட்சிகளில் சதுரக் கட்டிகள் நெளிந்தால் காரணம் இதுதான். ஒரே வட்டில் மூன்று படம் என்று விற்பவற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

நிறத்தில் தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம். ஈஸ்ட்மன்கலர் திரையரங்குப் பிரதிகளில் சயான் (பச்சைநீல) சாயம் முந்தி மங்கும். படம் முழுதும் செம்மை பாயும். சாயத்தை அச்சுப்போல ஏற்றிய டெக்னிகலர் பிரதிகள் நிறம் காத்து நிற்பவை. அதனால் புதுப்பிப்பவர்கள் அவற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள். எதை ஒப்பிட்டு நிறம் திருத்தினார்கள் என்று வட்டோடு வரும் கையேடு சொல்கிறதா? சொன்னால் எழுதுங்கள், சொல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள்.

எல்லாக் கீறலும் வட்டின் குற்றமல்ல. 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் தொலைந்த பகுதிகள் 2008இல் புவனஸ் அயர்ஸில் 16 எம்எம் சுருளாகக் கிடைத்தன. அந்தச் சுருளில் கீறல்கள் ஆழம். ஃப்ரேமின் ஒரு பகுதியும் இல்லை. 2010இன் மீட்டெடுப்பில் அந்த இடங்கள் வேறுபட்டுத் தெரிவது நேர்மையான வேலை. சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் கிடங்குத் தீயில் கருகின. 2015இல் வந்த 4கே மீட்டெடுப்பு, தேறிய நெகட்டிவ் பகுதிகளையும் வேறு பிரதிகளையும் சேர்த்துச் செய்தது. காட்சிக்குக் காட்சி தெளிவு மாறினால் அதன் காரணம் இது. மூலம் எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்துகொண்டு மதிப்பிடுவதுதான் நியாயம்.

ஒலி பற்றிச் சுருக்கமாக. மூல மோனோ (ஒருவழி) ஒலித்தடம் வட்டில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. புதிதாகப் பிரித்த பல்வழி ஒலி இரண்டாம் பட்சம். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் 'ஸ', 'ஷ' ஒலிகள் மழுங்கும். பாடல்களுக்கு வசன எழுத்து இல்லாத வட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டாம்.

சித்திரக்கதைத் தொகுப்புகள்

இங்கேயும் முதல் கேள்வி மூலம் எது என்பதுதான். மூல ஓவியத்தாள், அச்சகச் சோதனைத்தாள், வெளிவந்த இதழ் மூன்றில் எதிலிருந்து எடுத்தார்கள்? ஹால் ஃபாஸ்டரின் 'பிரின்ஸ் வேலியண்ட்' தொகுப்பு 2009 முதல் சோதனைத்தாள்களிலிருந்து மறுபடி வந்தபோது, பழைய பதிப்புகளில் அடைபட்டுப்போன மென்கோடுகள் திரும்பி வந்தன. பழைய இதழை ஸ்கேன் செய்து அச்சிட்டால் மெல்லிய கோடுகள் அறுந்து, நெருக்கமான கோடுகள் ஒன்றாகிக் கறுப்புத் திட்டாகும். மழை, முடி, நிழல் உள்ள கட்டங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அச்சுப் புள்ளிகளோடு ஸ்கேன் செய்து அளவைச் சுருக்கினால் அலைக்கோடுகள் விழும். கோட்டோவியத்துக்கு அங்குலத்துக்கு 1200 புள்ளி, வண்ணப் பக்கத்துக்கு 600 என்று எடுப்பது பாதுகாப்பான அளவு.

வண்ணத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய அமெரிக்க காமிக்ஸில் மூன்று வண்ண மைகள், ஒவ்வொன்றும் வெறுமை, 25, 50, 100 சதவீதம் என நான்கு அளவு. ஆக 64 நிறம். அவற்றை உறிஞ்சும் மங்கிய செய்தித்தாளுக்கென்றே தேர்ந்தார்கள். அதே அளவுகளை வெண்மையான வழவழப்புத் தாளில் அச்சிட்டால் நிறங்கள் கண்ணைக் குத்தும். வண்ணக் கலைஞர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட தொகுப்பே மூலத்துக்கு நெருக்கம். கணினியில் நிழலும் மினுக்கமும் சேர்த்து மறுவண்ணம் தீட்டியதைத் 'திருத்திய பதிப்பு' என்று அட்டை சொன்னாலும், நாம் மறுவண்ணம் என்றே எழுத வேண்டும். ஜப்பானிய ஓவியர் ஒட்டோமோவின் 'அகிரா' 1988இல் அமெரிக்காவில் வண்ணம் தீட்டி வந்தது, மூலம் கறுப்புவெள்ளை. அந்த வண்ணம் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம், மூலம் என்று சொல்லக் கூடாது. வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானியக் கதைகளைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டிருந்தால் எல்லோரும் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். இதையும் படிவத்தில் குறிக்கவும்.

நாளிதழ்த் தொடர்களில் எண்ணிக்கை சரிபார்ப்பது அவசியம். வாரத்துக்கு ஆறு தினசரிப் பட்டைகள் (ஒரு நாளுக்கான ஒரு வரிசைக் கட்டங்கள்). ஆண்டுக்குச் சுமார் 313. பக்கத்துக்கு மூன்று வீதம் அச்சிட்டால் 105 பக்கம் வர வேண்டும். கட்டங்களுக்கிடையே சிறிய எழுத்தில் இருக்கும் தேதியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனால் விடுபட்ட நாள் சிக்கும். தேதியை அழித்துவிட்ட தொகுப்பை ஐயத்தோடு அணுகுங்கள். மாயாவியின் (ஃபேன்டம்) தினசரித் தொடர் 1936 பிப்ரவரி 17இல் தொடங்கியது. ஞாயிறு தொடர் 1939 மே 28இல் வேறு கதையாகத் தொடங்கியது. இரண்டையும் கலந்து 'முழுத் தொகுப்பு' என்றால் வாசகர் குழம்புவார். ஞாயிறு பக்கங்களை இடத்துக்கேற்பச் சுருக்க, நாளிதழ்கள் மேல் வரிசைக் கட்டங்களை நீக்கிவிடும். பல தொடர்களுக்கு அரைப்பக்க வடிவில் வந்ததுதான் முழுமையானது. தொகுப்பில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசையும் அடுத்ததற்கு இரண்டும் இருந்தால், கிடைத்த வெட்டுத்துண்டை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

ஆசிரியரே திருத்திய கதைகளும் உண்டு. எர்ஷேயின் டின்டின் கதையான 'கறுப்புத் தீவு' 1938இல் கறுப்புவெள்ளை, 1943இல் வண்ணம், 1966இல் முழுதாக மறுபடி வரைந்தது. மூன்றும் ஒரே பெயர். எதைப் படித்தோம் என்று சொல்லாத விமர்சனம் பயனற்றது.

கட்டுமானத்துக்குப் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறோம். நூலால் தைத்த கட்டா, பசை மட்டுமா? தடித்த தொகுப்பைப் பசையால் ஒட்டினால் நடுமடிப்பு விரியாது. இரட்டைப் பக்க ஓவியத்தின் மையமும் உள்ளோர வசனமும் புதைந்துவிடும். அடுத்தது பக்க அளவு. மூலத்தையும் தொகுப்பையும் சென்டிமீட்டரில் அளந்து எழுதவும். 'சற்றுச் சிறியது' என்ற சொல் இனி ஏற்கப்படாது. நீளமும் அகலமும் முக்கால் பங்கானால் பரப்பு ஏறத்தாழ பாதிதான். வசன பலூன் எழுத்து முதியவர்களின் கண்ணுக்கு எட்டாது.

நூலகமும் பிறவும்

வட்டுகளை நிமிர்த்தி வைக்கவும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்கவும், சுற்றிச் சுற்றி அல்ல. வட்டுத் தடத்தின் போக்கில் விழும் கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தத்தால் ஈடுகட்டுவது கடினம். பழைய இதழ்களுக்கு பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் மட்டுமே. பிவிசி உறைகளை உடனே மாற்ற வேண்டும். செலோடேப் ஒட்டிய கிழிசல்களை யாரும் பிய்க்க முயல வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, படைப்புக்கும் பிரதிக்கும் தனித்தனி மதிப்பெண் வழங்குவது. சிறந்த படம் மோசமான வட்டில் வரும்போது ஒரே எண் இரண்டையும் மறைத்துவிடுகிறது. இரண்டு, ஏற்கெனவே வெளியான விமர்சனங்களில் பிரதியின் விவரம் இல்லாதவற்றை மறுபடி சரிபார்த்து நிரப்பும் வரை நூலகப் பட்டியலிலிருந்து தனியே வைப்பது. உறுப்பினர்கள் விவாதித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்