பழைய படகில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு போய்வர முதன்முறையாகப் பழைய படகு ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைப் பொது வாசகர்களுக்காக எழுதுவதே அரிது என்பதால், அதை வெளியிட்டதற்கு முதலில் என் நன்றி. ஆனால் எஞ்சின் நன்றாக இருந்தால் போதும், மற்றவற்றைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற போக்கில் அக்கட்டுரை அமைந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே எண்ணத்தோடு ஒரு படகை வாங்கி, இரண்டாவது ஆண்டிலேயே அதைக் கழித்துக்கட்ட நேர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. பின்னால், படகுக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது, இருக்கைகளுக்குப் புதிய உறை போட்டிருந்தார்கள், பக்கவாட்டில் முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் இருந்தது. இரண்டாவது பருவத்தில் ஒருநாள் படகைக் கரையேற்றிக் கழுவும்போது, ஆழமானியின் சென்சாரை, எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையில் பிடித்துவைத்திருந்த ஸ்க்ரூவின் கீழே துரு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருப்பதை என் மகள்தான் காட்டினாள். துணியால் துடைத்தேன், கால் மணி நேரத்தில் மறுபடியும் கசிந்தது. மெக்கானிக் அந்த ஸ்க்ரூவைத் திருப்பியபோது அது முறுக்கவே வேண்டியிராமல் கையோடு வந்துவிட்டது. துளைக்குள் அவர் விட்ட கம்பியின் நுனியில் ஒட்டிவந்ததை மரம் என்று சொல்ல முடியாது. விரலில் தேய்த்தால் கருஞ்சேறு போல வழுக்கியது. எஞ்சினோ அப்போதும் முதல் திருப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதை அக்கட்டுரை ஒரு பத்தியிலாவது விளக்கியிருக்கலாம். ஃபைபர் படகு என்றால் முழுவதும் ஃபைபர் என்றுதான் புதிதாக வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் பழைய படகுகள் பெரும்பாலானவற்றில் பின்பலகை என்பது இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே வைத்து ஒட்டிய தடித்த பிளைவுட். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்களும் பெரும்பாலும் ரெசின் பூசி மூடிய மரமே. மூடியிருக்கும்வரை அந்த மரத்துக்குக் கேடில்லை. ஆனால் ஏணி, சென்சார், பம்பின் குழாய், தண்ணீர் வடிக்கும் அடைப்பான் என்று ஒவ்வொன்றையும் பொருத்தும்போது ஒரு துளை விழுகிறது. அந்தத் துளையைச் சீலண்ட் வைத்து முறையாக அடைக்காமல் ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிவிட்டால், நீர் உள்ளே போவதற்கு வழி கிடைக்கிறதே தவிர, வெளியேற வழி கிடைப்பதில்லை. வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் அழுகி முடிந்துவிடுகிறது. 100 குதிரைத்திறன் அளவிலான நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று சுமார் 160 கிலோ எடை இருக்கும். அவ்வளவு எடையும், அது தள்ளும் விசையும், அலையில் படகு குதிக்கும்போது விழும் அதிர்ச்சியும் அந்தப் பலகையின் மீதுதான் இறங்குகின்றன.

எஞ்சின் கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். பின்பலகை அழுகினால் எஞ்சினை இறக்கி, தோலை வெட்டி, மரத்தைச் சுரண்டியெடுத்து, புதிதாக வார்க்க வேண்டும். பழைய படகுகளில் அந்த வேலைக்கான கூலி பல சமயம் படகின் மதிப்பைத் தாண்டிவிடுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலாலோ ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியாலோ பின்பலகையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் டக் டக்கென்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடத்துக்கு வந்ததும் ஒலி மழுங்கித் தொப்பென்று கேட்கும். முதல் தடவை தட்டுபவர்கூட அந்த வேறுபாட்டைத் தவறவிட மாட்டார். அடுத்து, எஞ்சினின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக அழுத்தி ஆட்டும்போது, எஞ்சின் பொருந்தியிருக்கும் இடத்தை இன்னொருவர் உற்றுப் பார்க்க வேண்டும். பலகை வளைந்து கொடுத்தாலோ, மூலைகளில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஈரமானி வைத்திருக்கும் சர்வேயர், அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை தருபவர், இதை இன்னும் நுட்பமாகச் சொல்வார். ஆனால் அவரை அழைக்கத் தகுந்த படகுதானா என்பதை முடிவுசெய்யத் தட்டிப் பார்ப்பதே போதும்.

தரையையும் இதே போல வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும். விரிப்பு போட்டிருந்தால் அதைத் தூக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. ஓட்டுநர் இருக்கையின் கால்களுக்கு அருகிலும் பின்னிருக்கைக்கு முன்னாலும்தான் தரை முதலில் மெத்தென்று ஆகும். தரைக்கு அடியில் மிதவைக்காக அடைத்திருக்கும் நுரையும் பல ஆண்டுகள் நீரில் கிடந்தால் உறிஞ்சிக்கொள்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் எடைமேடை பொய் சொல்வதில்லை. ட்ரெய்லரோடு படகை ஒரு முறையும், படகை நீரில் இறக்கிய பின் ட்ரெய்லரை மட்டும் ஒரு முறையும் நிறுத்துப் பார்த்து, வரும் வித்தியாசத்திலிருந்து எஞ்சின், எரிபொருள், பேட்டரி ஆகியவற்றின் எடையைக் கழித்து, தயாரிப்பாளர் சொல்லும் வெற்றுப் படகின் எடையோடு ஒப்பிட்டால், உள்ளே எத்தனை லிட்டர் நீர் சவாரி செய்கிறது என்பது கிலோ கணக்கில் தெரிந்துவிடும்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் வாங்கவே கூடாது என்று கட்டுரையில் கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருந்தது. அது சற்று மிகை என்று தோன்றுகிறது. நீண்ட காலம் நீரிலேயே கட்டிவைக்கப்பட்ட ஃபைபர் படகுகளில் வெளிப்பூச்சின் வழியே ஈரம் ஊடுருவிக் கொப்புளம் எழுவது வழக்கம்தான். குத்தினால் புளித்த காடி வாடையோடு நீர் வரும். எண்ணிக்கை குறைவாகவும் மேலோட்டமாகவும் இருந்தால் அது விலைபேசுவதற்கான காரணமே தவிர, விட்டுவிடுவதற்கான காரணம் அல்ல. கரையில் பல வாரம் காய்ந்த படகில் கொப்புளங்கள் வற்றி மறைந்திருக்கும் என்பதால், நீரிலிருந்து தூக்கிய உடனே பார்ப்பதுதான் முக்கியம்.

எஞ்சின் விஷயத்திலும் கட்டுரையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஓடிய மணிக்கணக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது கார் வாங்கும் பழக்கத்திலிருந்து வந்த எண்ணம். பொழுதுபோக்குப் படகு ஆண்டுக்கு 50 முதல் 100 மணி நேரம் ஓடுவது இயல்பு. பத்து வயதான படகின் மீட்டர் 80 மணி என்று காட்டினால், அது பெரும்பாலும் சும்மா கிடந்திருக்கிறது என்றுதான் பொருள். கிடக்கும் எஞ்சினில் பெட்ரோல் பிசினாகிறது, குளிர்நீர் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் ஒரே நிலையில் மடங்கி இறுகிப்போகிறது, ஆயில் சீல்கள் காய்கின்றன. ஆண்டுதோறும் 60 மணி ஓடி, சர்வீஸ் ரசீதுகளோடு வரும் 600 மணி நேர எஞ்சினை நான் அதைவிட நம்புவேன்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, விற்பவர் அதை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே அதன் உண்மையான குணம். கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பார்த்தால் அது பால் கலந்தது போல வெளுத்திருக்கக் கூடாது. வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே ஏறும் அழுத்தத்தை, அளக்கச் சொல்ல வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வேறுபாடு சுமார் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக இருந்தால்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் பெயின்ட் அடித்த கட்டி எதையும் காப்பாற்றுவதில்லை.

முடிந்தவரை பெரிய படகாக வாங்குங்கள் என்ற யோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் படகை, குடும்பத்தில் மிகவும் பயப்படுகிறவரை மனத்தில் வைத்து வாங்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அது என் மாமியார். வேகமோ நீளமோ அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. விளிம்பு தம் முழங்காலுக்கு மேல் இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே, நீரில் விழுந்தால் ஏறிவர ஏணி உண்டா என்றுதான் கேட்டார். விற்பனைக்குப் படகு காட்டிய எவரும் இந்த மூன்று கேள்விகளை எதிர்பார்த்திருக்கவில்லை. படகு நீண்டுகொண்டே போனால், காற்றடிக்கும் நாளில் அதைத் துறையில் அணைப்பது புதியவருக்குத் திணறலாகிவிடும். ஐந்து, ஆறு மீட்டர் நீளம் ஒரு சிறிய குடும்பம் பழகுவதற்குப் போதும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு இருக்கைகளை எண்ணக் கூடாது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே பொருத்தியிருக்கும் தயாரிப்பாளரின் தகட்டைப் படிக்க வேண்டும். ஐரோப்பியத் தர முத்திரை பெற்ற படகுகளின் தகட்டில் ஏ முதல் டி வரையிலான வகைகளில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும்: சி வகை என்றால் 2 மீட்டர் வரை உயரும் அலைக்கும் காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 6ஆம் நிலைக் காற்றுக்கும் ஏற்றது, டி என்றால் அடங்கிய ஏரிக்கும் ஆற்றுக்கும் உரியது. ஒரே படகுக்கு டி வகையில் எட்டுப் பேர், சி வகையில் ஆறு பேர் என்று இரண்டு எண்கள் இருப்பதும் உண்டு. விளம்பரத்தில் எந்த எண் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதே நேரத்தில், பின்பலகையின் வலப்பக்கம் மேல்மூலையில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை உரிமைப் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட வேண்டும். அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் துறையைச் சுற்றி ஐந்து நிமிட உலா அல்ல. முழு வேகத்தில் எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் சுழற்சி எல்லையை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டவில்லையென்றால் ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் தளர்ந்திருக்கிறது, அல்லது முன்பு சொன்ன நீர் உள்ளே சுமையாக இருக்கிறது. குளிர்நீர் வெளிவரும் சிறு தாரை நிற்காமல் பீறிட வேண்டும். ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓடும்போதே இழுத்துச் சோதிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு படகில் அந்த ஸ்விட்சைக் கம்பிபோட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். மெதுவாகப் போகும்போது பின்மேடையில் குழந்தைகளை உட்காரவைக்கும் பழக்கத்தையும் இங்கேயே கண்டித்துவிடுகிறேன்; எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் அங்கேதான் தேங்குகிறது.

ட்ரெய்லரைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், கடைசி இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பட்டன் தேயாத டயர்கூட வயதால் வெடிக்கும் என்பதை நடுச்சாலையில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று படகுக்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வதுண்டு. பழைய படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. படகின் விலை வயதோடு இறங்குகிறது. இம்பெல்லரின் விலையோ, நிறுத்துமிடக் கட்டணமோ, மெக்கானிக்கின் கூலியோ இறங்குவதில்லை. அதே அளவுள்ள புதிய படகின் விலையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம் குறையும்.

இரண்டாம் முறை வாங்கியபோது, தட்டிப் பார்த்துத் தேறிய படகுக்குச் சர்வேயர் ஒருவரை நானே கூலி கொடுத்து அழைத்துப்போனேன். விற்பவர் பரிந்துரைத்தவரை வேண்டாம் என்றுவிட்டேன். நான் அழைத்துப்போனவரின் அறிக்கையில் 14 குறைகள் இருந்தன: படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், இம்பெல்லர் மாற்ற வேண்டும், இருக்கை உறைகள் கிழிசல். பதினான்கில் ஒன்றுகூடப் பின்பலகையிலோ தரையிலோ தாங்குசட்டங்களிலோ இல்லை. அந்த அறிக்கையை வைத்தே விலையைக் குறைத்து வாங்கினோம். இருக்கை உறைகளை இன்னும் மாற்றவில்லை.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்