ரேடியோ கெட்டுப்போகல சார், நீங்கதான் மாத்திட்டீங்க

ரேடியோவ டிஜிட்டலா மாத்துற வேலைய பாத்துக்குற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டைல இருபத்தாறு வருஷமா ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருக்கேன். இப்ப மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பும் பாக்குறேன், ரேடியோவ மட்டும் நம்பி இன்னிக்கு யாரு சோறு துன்றது.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச நேரத்துல மீடியம் வேவ்ல, அதான் எஃப்எம்முக்கு முன்னாடிலருந்தே இருக்குற அலைவரிசைல, நம்ம ஊர் ஸ்டேஷனோட பழைய ஒலிய நிறுத்திட்டு டிஜிட்டலா மாத்திட்டீங்க. அன்னிலருந்து ஒரே வாரத்துல என் கடைக்கு பதினோரு ரேடியோ வந்துச்சு. பதினொன்னும் நல்ல ரேடியோ. ஸ்பீக்கர் சரி, காயில் சரி, பேண்ட் சுவிட்ச் சரி, ராத்திரில திருப்புனா வெளியூர் ஸ்டேஷன் எல்லாம் கணீர்னு கேக்குது, நம்ம ஊர் ஸ்டேஷன் இருக்குற எடத்துல மட்டும் காயுற எண்ணெய்ல கருவாட்ட போட்டா மாதிரி ஸ்ஸ்ஸ்னு ஒரே இரைச்சல். அதுதான் உங்க டிஜிட்டல் ஒலிபரப்பு, பழைய செட்டுல டிஆர்எம், அதான் இந்த டிஜிட்டல் முறை, அப்படித்தான் கேக்கும்னு எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு எப்படி சார் தெரியும்?

காசிமேட்டுலருந்து ஒரு ஆயா மூணு தடவ வந்துச்சு. மொத தடவ, "நைனா, பேட்டரி போச்சான்னு பாரு"ன்னு கேட்டுச்சு. ரெண்டாவது தடவ புது செல்லு போட்டே எடுத்துக்கினு வந்துச்சு. மூணாவது தடவ, போன வாரம், கொட்டுற மழைல முந்தானைய ரேடியோ மேல மூடிக்கினு, தான் நனைஞ்சிக்கினு வந்து கடை வாசல்ல நின்னுச்சு. புள்ள பைபர் போட்டுல விடியக்காலம் ரெண்டு மணிக்கு கடலுக்குப் போறவன், ராத்திரி ரேடியோவுல கடல் நெலவரம் கேட்டுட்டுதான் இது அவன எழுப்பும், காத்து பலமா இருக்கும்னு சொன்னா எழுப்பாம விட்டுடும். படிக்கத் தெரியாது, டச் போன் கைக்கு ஒத்து வரல. நானும் எனக்குத் தெரிஞ்ச மாதிரி வெளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "காத்து அதே காத்துதானேப்பா, அதுல வர்ற பேச்சு மட்டும் எப்படி மாறும்"னு கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல. ஷேர் ஆட்டோவுக்கே போக வர நாப்பது ரூபா, மூணு தடவைக்கு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. நான் ரிப்பேர் காசு வாங்கல, ரிப்பேரே இல்லியே.

நான் கேக்குறது ஒன்னுதான். புது செட்டு ஜனங்க கைக்கு வர்ற வரைக்கும் பழைய ஒலிய நிறுத்தாதீங்க, நிறுத்தியே ஆகணும்னா எந்த நேரம் பழசு, எந்த நேரம் புதுசுன்னு முன்னாடியே அதே ரேடியோவுல சொல்லுங்க.

டிஜிட்டலே வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. சத்தம் தெளிவா வரும், ஒரே அலைவரிசைல ரெண்டு மூணு நிகழ்ச்சி ஓட்டலாம், கரண்டு மிச்சம், புயல் வந்தா செட்டே எச்சரிக்கைக்கு மாறிக்கும், எல்லாம் ஒத்துக்குறேன். ஆனா பழைய ஒலி சிக்னல் கொறஞ்சா கரகரன்னாவது கேக்கும், காதக் கிட்ட வச்சு புரிஞ்சிக்கலாம். டிஜிட்டல்ல ஒரு அளவுக்குக் கீழ போனா டப்புனு ஊமையாயிடும். எங்க பக்கம் தகர ஷீட்டு போட்ட வீடு, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், சீப்பான எல்இடி பல்பு, இதுங்களே மீடியம் வேவ பாதி தின்னுடும். நீங்க டெஸ்ட் பண்றப்ப ஆண்டெனா வச்ச கார்ல ரோட்டுல ஓட்டிப் பாக்காதீங்க, ஒரு நாள் எங்க தெருவுல வீட்டுக்குள்ள ஜன்னல சாத்திட்டு பாருங்க. அப்புறம் பேட்டரி செல்லு. பழைய செட்டு நாலு செல்லுல மாசக்கணக்குல ஓடும், டிஜிட்டல் செட்டுக்கு உள்ள சிப்பு வேல செய்யணும், அதுக்கு அந்த செல்லு எத்தன நாளு தாங்கும்? மிக்ஜாம் புயலப்ப, 2023 டிசம்பர்ல, கரண்டும் போச்சு, போன்ல டவரும் போச்சு, பேட்டரி செல்லுல ஓடுற ரேடியோதான் பேசிச்சு.

ரெண்டையும் சேத்து ஓட்டுனா டிஜிட்டலுக்கு பவர் கொறையும், அலைவரிசைல எடம் கூட வேணும்னு சொல்லுவீங்க, நியாயம்தான். ஆனா தனியார் எஃப்எம்ம டிஜிட்டலாக்குறதப் பத்தி 2025 அக்டோபர்ல டிராய், அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொடுத்த பரிந்துரையே பழசும் புதுசும் சேர்ந்து ஓடுற முறையத்தான் சொல்லுது, அதுக்குன்னு அவங்க சொன்ன 13 ஊர்ல சென்னையும் இருக்கு. 1977ல நாட்டுலயே மொத எஃப்எம் இந்த ஊருலதான் வந்துச்சு, அப்ப யாராச்சும் மீடியம் வேவ தூக்கிப் போட்டாங்களா? நார்வேல 2017ல எஃப்எம்ம நிறுத்துனாங்க, ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே தேதி சொல்லிட்டாங்க, சின்ன உள்ளூர் ஸ்டேஷனுங்கள அப்பவும் எஃப்எம்லயே விட்டு வச்சாங்க. நம்மகிட்ட ஒரு வாரம் முன்னாடி ஒரு வரி அறிவிப்பு கூட இல்ல.

உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன், "ஆப்ல கேளுங்க"ன்னாங்க. நல்ல யோசன சார், கரைலருந்து கொஞ்ச தூரம் போனாலே டவர் போயிடுது, மீடியம் வேவ்தான் உப்புத் தண்ணி மேல நல்லா போகும், அங்க போயி ஆப்ப எதுல எறக்குறது, வலைலயா? அனல் மின் நிலைய சாம்பல், எண்ணூர்ல எண்ணெய், கண்டெய்னர் லாரி, இதெல்லாம் எங்களுக்கு மொதல்ல வந்துடுது, நல்லது எதுனா வந்தா மட்டும் அண்ணா நகர், அடையாறு எல்லாம் சுத்திட்டு கடைசியா எங்ககிட்ட வரும், அதுவும் மிச்சம் இருந்தா. இன்னிக்கு சில கார்ல டிஜிட்டல் ரேடியோ கம்பெனிலருந்தே வருது, ஆயாகிட்ட கார் இல்ல. சரி, பேச்சு எங்கயோ போயிடுச்சு, மன்னிச்சிக்குங்க.

தயவு செஞ்சு, வேற எத மாத்துனாலும் ராத்திரி கடல் நெலவரம், காலைல வானிலை, புயல் எச்சரிக்கை, இது மூணையும் பழைய ஒலில விட்டு வைங்க. மழைக்காலம் முடியுற வரைக்குமாச்சும். அலைவரிசையும் நேரமும் எழுதி மீன்பிடித் துறைமுகத்துல ஏலக் கூடத்துக்கிட்ட ஒரு போர்டு வைங்க, பெயிண்ட் செலவு நான் ஏத்துக்குறேன்.

ஆயாவோட ரேடியோ இன்னும் என் கடை ஷெல்ஃப்லதான் இருக்கு. வெள்ளிக்கிழம வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள எந்த நேரம் எது ஓடும்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்குப் படிக்கத் தெரியாட்டியும் நான் வாயால சொல்லி அனுப்பிடுவேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ரேடியோ மெக்கானிக்